மாற்குவின் பக்கத்தடியில்: நற்செய்தியும் கத்தோலிக்கக் குறிப்புரைகளும்

1757ஆம் ஆண்டில் ரோமிலிருந்து ஓர் ஆணை வந்தது. தாய்மொழியில் விவிலியம் வாசிக்கலாம். ஆனால் அந்தப் பதிப்பு திருப்பீடத்தின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும், அல்லது திருஅவைத் தந்தையரிடமிருந்தும் கற்றறிந்த கத்தோலிக்கரிடமிருந்தும் எடுத்த குறிப்புகளோடு வந்திருக்க வேண்டும் என்றது அது. திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் காலத்தது அந்த ஆணை. அரை நூற்றாண்டுக்குள், 1804இல், லண்டனில் பிரிட்டிஷ் அயல்நாட்டு வேதாகமச் சங்கம் தொடங்கியது. அதன் விதி நேர் எதிரானது: வேதத்தை அச்சிடலாம், பரப்பலாம், ஆனால் பக்கத்தில் குறிப்போ விளக்கமோ இருக்கக் கூடாது.

இரண்டு விதிக்கும் அடியில் இருந்தது அச்சம்தான். தனியே விட்டால் வாசகர் வழி தவறிவிடுவார் என்று ரோம் அஞ்சியது. லண்டன் சங்கத்தில் ஆங்கிலிக்கரும் இருந்தார்கள், அவர்களோடு ஒத்துப்போகாத பிற சபையாரும் இருந்தார்கள். குறிப்பு எழுதத் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே சண்டை மூண்டு சங்கம் கலைந்துவிடும் என்பது அவர்கள் கவலை. வசனம் எல்லாரையும் சேர்க்கும், விளக்கம் பிரிக்கும் என்ற கணக்கு அது. கணக்கு முற்றிலும் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

ரோமின் விதி இன்றும் மறையவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத் தொகுப்பின் 825ஆம் சட்டப்படி, விவிலிய மொழிபெயர்ப்புக்குத் திருப்பீடத்தின் அல்லது ஆயர் பேரவையின் ஒப்புதல் வேண்டும். தேவையான, போதுமான விளக்கங்களும் உடன் இருக்க வேண்டும். ஆனால் அதே விதியின் நோக்கம் இடையில் மாறிவிட்டது. காவலுக்கு நிறுத்திய குறிப்பு எப்படி வாசகருக்குத் துணையாக ஆயிற்று, அந்தத் துணையை இன்று எப்படிப் பயன்படுத்துவது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். நான்கு நற்செய்திகளையும் ஒரு மாலையில் தொட முடியாது. எடுத்துக்கொண்டது மாற்கு. பதினாறே அதிகாரம், ஒன்றரை மணி நேரத்தில் வாசித்து முடிக்கலாம்.

குறிப்பு ஆயுதமாக இருந்த காலத்திலிருந்து தொடங்கலாம். 1546இல் திரெந்து சங்கம், திருஅவை கொண்டிருக்கும் பொருளுக்கு எதிராக மறைநூலுக்குத் தன் விருப்பப்படி யாரும் பொருள் சொல்லக் கூடாது என்றது. ஒப்புதல் இல்லாமல் சமய நூல்களை அச்சிடவும் தடை விதித்தது. இங்கிலாந்திலிருந்து வெளியேறிய கத்தோலிக்கர்கள் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் 1582இல் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார்கள். மொழிபெயர்த்தவர் கிரகரி மார்ட்டின். அதன் குறிப்புகளைப் புரட்டினால் வாதப் பிரதிவாதத்தின் சூடு இன்றும் தெரியும். பல பக்கங்களில் இயேசுவைவிடக் கால்வின் மீதே கவனம் அதிகம். 1589இல் வில்லியம் ஃபல்க் என்ற புராட்டஸ்டண்ட் அறிஞர் ரெய்ம்ஸ் பதிப்பை முழுவதுமாக எடுத்து, குறிப்புக்குக் குறிப்பு மறுப்பு எழுதி அச்சிட்டார். மறுப்பதற்காக அவர் அச்சிட்ட நூல்தான் ரெய்ம்ஸ் மொழிபெயர்ப்பை இங்கிலாந்து முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. எதிர்முகாமிலும் இதே நிலைதான். 1560ஆம் ஆண்டு ஜெனீவா பதிப்பின் ஓரக்குறிப்புகள் சில அரசனுக்குக் கீழ்ப்படியாமையை நியாயப்படுத்துகின்றன என்று முதலாம் ஜேம்ஸ் மன்னர் எரிச்சல்பட்டார். 1611இல் அவர் பெயரால் வந்த மொழிபெயர்ப்பில் விளக்கக் குறிப்புகள் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

இந்தச் சண்டைகளுக்கு முன்பே வேறொரு மரபு இருந்தது. 1260களில் தோமா அக்குவினார், திருத்தந்தை நான்காம் உர்பான் கேட்டுக்கொண்டபடி, நான்கு நற்செய்திகளுக்கும் திருஅவைத் தந்தையரின் உரைகளைத் தொடுத்தார். ‘காத்தேனா அவுரேயா’, பொற்சங்கிலி, என்பது அதற்குப் பின்னர் நிலைத்த பெயர். ஒரு வசனம், அதன் கீழ் கிறிசோஸ்தோம் சொன்னது, அகுஸ்தீனார் சொன்னது, பீடு சொன்னது, தெயோபிலாக்து சொன்னது என்று பெயர் பெயராக வரிசை. தமிழில் ‘உரைவளம்’ என்று பதிப்பிக்கிறார்களே, குறளுக்கும் தொல்காப்பியத்துக்கும், அதே முறை. உரையாசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் முரண்படும் இடங்களைத் தோமா மறைக்கவில்லை. மாற்குவுக்கு வந்தபோது அவருக்குச் சரக்கு குறைவு. மாற்கு மத்தேயுவைப் பின்தொடர்ந்து சுருக்கி எழுதியவர் என்று அகுஸ்தீனார் கருதியதால், சுருக்கத்துக்கு யார் உரை எழுதுவார்கள் என்று பல நூற்றாண்டுகள் மாற்குவைத் தொடாமலே விட்டன. எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் துறவி பீடு எழுதிய உரையே பெரிதும் கைகொடுத்தது.

அதைவிடச் சுவையான செய்தி, மாற்குவே குறிப்பு எழுதியவர் என்பது. ஏழாம் அதிகாரத்தில் சீடர்கள் கை கழுவாமல் உண்கிறார்கள் என்று பரிசேயர் குறை சொல்ல வருகிறார்கள். கதை அங்கேயே நிற்கிறது. யூதர்கள் கை கழுவாமல் உண்பதில்லை, சந்தையிலிருந்து வந்தால் இன்னின்ன செய்வார்கள், கிண்ணங்களையும் செம்புகளையும் கழுவுவார்கள் என்று இரண்டு வசனத்துக்கு விளக்கம் ஓடுகிறது. யூதருக்கு இதைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை, கேட்பவர்கள் வேற்றினத்தார். பன்னிரண்டாம் அதிகாரத்தில் கைம்பெண் போட்ட இரண்டு செப்புக் காசுகளை உடனே ரோமானிய நாணயக் கணக்கில் மாற்றிச் சொல்கிறார். அந்த ரோமானியச் சிறுகாசு பேரரசின் மேற்குப் பகுதியில் புழங்கியது. மாற்கு ரோம் நகரில் எழுதினார் என்ற பழைய மரபுக்கு ஆதாரமாக உரைகள் இதை எடுத்துக்காட்டுவது வழக்கம். பதின்மூன்றாம் அதிகாரத்தில், எருசலேமின் அழிவைப் பற்றி இயேசு பேசிக்கொண்டிருக்கும்போதே, வாசிப்பவர் புரிந்துகொள்ளட்டும் என்று ஆசிரியர் குறுக்கே தலை நீட்டுகிறார். ஆக, குறிப்பு இல்லாத தூய வசனம் என்ற ஒன்றை மாற்குவிடம் தேடினால் கிடைக்காது. லண்டன் சங்கத்தின் விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் மாற்குவிலேயே சில வரிகளை வெட்ட வேண்டியிருக்கும்.

இனி, குறிப்பின் நோக்கம் மாறிய கதை. அதற்கு நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார்.

மரி-ஜோசப் லக்ராஞ்சு பிரெஞ்சு தொமினிக்கத் துறவி. 1890 நவம்பரில் எருசலேமில், முன்பு ஆடுமாடு அறுத்த ஒரு கட்டடத்தில், விவிலியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மறைநூல் எந்த மண்ணில் பிறந்ததோ அந்த மண்ணிலேயே, அகழாய்வோடும் கல்வெட்டோடும் பழைய மொழிகளோடும் சேர்த்து அதைப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1911இல் மாற்குவுக்கு அவர் எழுதிய பெரிய உரை வெளிவந்தது. மறு ஆண்டு ஜூனில் இரண்டு அடி விழுந்தது. 26ஆம் தேதி, பாப்பிறை விவிலிய ஆணையம் மாற்குவையும் லூக்காவையும் பற்றிய தீர்ப்புகளை வெளியிட்டது. மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களை மாற்கு எழுதவில்லை என்று சொல்வோரின் வாதங்கள் அதை நிறுவவில்லை என்பது அவற்றில் ஒன்று. அதே மாத முடிவில், லக்ராஞ்சுவின் நூல்கள் சிலவற்றைக் குருமடங்களில் அனுமதிக்க வேண்டாம் என்று ரோமிலிருந்து இன்னோர் ஆணை. அவர் எருசலேமை விட்டு பிரான்சுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே மீண்டும் எருசலேம் சென்று பணியைத் தொடர்ந்தார். எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை, ஆய்வை விடவும் இல்லை. 1938இல் இறந்தார்.

அந்தப் பன்னிரண்டு வசனங்களில் அப்படி என்ன இருக்கிறது? நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பெரிய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில், வத்திக்கான் நூலகத்திலேயே இருக்கும் படியும் அவற்றில் ஒன்று, மாற்கு 16:8உடன் முடிந்துவிடுகிறது. பெண்கள் கல்லறையிலிருந்து நடுங்கி ஓடுகிறார்கள். அச்சத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். உயிர்த்த இயேசு தோன்றும் காட்சி கிடையாது. பிற்காலப் படிகளில் வரும் 9 முதல் 20 வரையிலான பகுதியின் நடையும் சொல்லாட்சியும் வேறு. ஆனால் அது மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இரேனேயு அதிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். கத்தோலிக்க வாசிப்பின் தனித்தன்மை இங்கேதான் துலங்குகிறது. ஒரு பகுதி மறைநூலைச் சேர்ந்ததா என்பது ஒரு கேள்வி. அதை யார் எழுதினார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குத் திரெந்து சங்கம் விடை சொல்லிவிட்டது: நூல்கள் எல்லாம், அவற்றின் எல்லாப் பகுதிகளோடும், ஏற்கப்பட்டவை. இரண்டாவது கேள்வி ஆய்வாளருக்குரியது. 1912இல் இந்த இரண்டும் ஒட்டிக்கிடந்தன. இன்று அமெரிக்க ஆயர்கள் வெளியிடும் விவிலியத்தின் அடிக்குறிப்பு இதைச் சில வரிகளில் முடித்துவிடுகிறது: நீண்ட முடிவு ஏற்கப்பட்ட மறைநூல், ஆனால் நடையைப் பார்த்தால் எழுதியவர் மாற்கு அல்லர்.

1912இலிருந்து அந்த அடிக்குறிப்பு வரையிலான தூரத்தைக் கடக்கச் சில படிகள் தேவைப்பட்டன. 1943இல் பன்னிரண்டாம் பயஸ் தம் சுற்றுமடலில் மூலமொழி ஆய்வையும் இலக்கிய வகைகளை அறிவதையும் கடமையாக்கினார். அதே மடலில் பலர் கவனிக்காத ஒரு செய்தியும் உண்டு: திருஅவை அதிகாரத்தோடு பொருள் வரையறுத்த மறைநூற் பகுதிகள் மிகச் சிலவே. 1955இல் விவிலிய ஆணையத்தின் செயலர், பழைய தீர்ப்புகளில் நம்பிக்கையோடும் ஒழுக்கத்தோடும் தொடர்பில்லாதவற்றில் ஆய்வாளருக்கு முழு உரிமை உண்டு என்று விளக்கினார். 1964இல் அதே ஆணையம், நற்செய்திகள் மூன்று கட்டங்களில் உருவானவை என்று எடுத்துரைத்தது: இயேசு செய்ததும் சொன்னதும், திருத்தூதர்கள் அறிவித்தது, நற்செய்தியாளர் தொகுத்து எழுதியது. 1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘இறைவெளிப்பாடு’ ஏடு வந்தது. நம்பிக்கையாளர் எல்லாருக்கும் மறைநூல் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்றது; போதிய குறிப்புகளோடு பதிப்புகள் வேண்டும் என்றது; கிறிஸ்தவரல்லாதாருக்கும் அவர்கள் நிலைக்கேற்ற குறிப்புகளோடு பதிப்புகள் ஆயத்தமாக வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. குறிப்பு இப்போது வாசகர் கேட்டுப் பெறும் உரிமை ஆகிவிட்டது.

லக்ராஞ்சுவின் பள்ளி 1956இல் ‘எருசலேம் விவிலியத்தை’ பிரெஞ்சில் ஒரே தொகுதியாக வெளியிட்டது. முன்னுரைகளும் குறிப்புகளும்தான் அதன் புகழ். 1966இல் ஆங்கிலப் பதிப்பு வந்தபோது யோனா நூலின் மொழிபெயர்ப்பில் கைகொடுத்தவர், குட்டி மனிதர்களின் கதைகளால் உலகப் புகழ் பெற்ற டோல்கீன்.

1968இல் வத்திக்கானின் கிறிஸ்தவ ஒன்றிப்புச் செயலகமும் ஐக்கிய வேதாகமச் சங்கங்களும் கூட்டு மொழிபெயர்ப்புக்கான நெறிமுறைகளை வகுத்தன. குறிப்பே கூடாது என்ற தரப்பும் குறிப்பில்லாமல் கூடாது என்ற தரப்பும் நடுவில் சந்தித்தன: இரு தரப்பும் ஒப்பும் குறிப்புகள் இருக்கலாம். 1987இல் அந்த நெறிமுறைகள் திருத்தப்பட்டன. 1995இல் திண்டிவனத்திலுள்ள தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையம் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு இந்தப் பாதையில் வந்ததுதான். ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை, உட்பிரிவுகள், அடிக்குறிப்புகள். தமிழ் வாசகர் மாற்குவைப் படிக்கத் தொடங்க அதுவே போதுமான வாசல். அதற்கு மேல் போக விரும்புகிறவருக்கு ஆங்கிலத்தில் மூன்று வகை வழிகாட்டிகளைச் சொல்லலாம். ஸ்காட் ஹான், கர்டிஸ் மிட்ச் இருவரின் குறிப்புகளோடு 2010இல் முழுமையான இக்னேஷியஸ் புதிய ஏற்பாடு, திருஅவையின் நம்பிக்கை மரபோடு வசனத்தை இணைப்பதில் வலுவானது. இயேசு சபையினரான ஜான் டானஹியூவும் டேனியல் ஹாரிங்டனும் 2002இல் எழுதிய ‘சாக்ரா பாஜினா’ வரிசை உரை, வரலாற்றுத் திறனாய்வில் ஆழமானது. மேரி ஹீலியின் 2008ஆம் ஆண்டு உரை இரண்டுக்கும் இடையில், பங்குக் குழுக்களுக்கு ஏற்றதாக நிற்கிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்பவர் பாதி மாற்குவைத்தான் படிப்பார். நூலின் முகப்பில் ஆயரின் அச்சு இசைவு இருந்தால், கோட்பாட்டுப் பிழை இல்லை என்று பொருள். ஆசிரியரின் ஒவ்வொரு கருத்தையும் ஆயர் ஏற்கிறார் என்று பொருள் இல்லை.

ஒரு குறிப்பு நல்லதா என்று அறியச் சங்கடமான வசனங்களுக்குப் போக வேண்டும். 2:26இல், தாவீது அர்ப்பண அப்பங்களை உண்டது அபியத்தார் தலைமைக் குருவாக இருந்தபோது என்று மாற்கு சொல்கிறார். 1 சாமுவேல் 21இல் அந்தக் குருவின் பெயர் அகிமெலக்கு. அபியத்தார் அவர் மகன். பெயர் மாறியிருக்கிறது என்று நேரே சொல்லும் குறிப்பு வாசகரை மதிக்கிறது. வித்தை காட்டி மழுப்புகிற குறிப்பு, வாசகர் பழைய ஏற்பாட்டைத் திறந்து பார்க்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. மீட்புக்காகக் கடவுள் தர விரும்பிய உண்மையை மறைநூல் பிழையின்றிக் கற்பிக்கிறது என்றே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. குருமார் பட்டியலுக்கு அது உத்தரவாதம் தரவில்லை.

6:3 இன்னும் கடினம். யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் இயேசுவின் சகோதரர் என்று நாசரேத்தூரார் சொல்கிறார்கள். மரியா எப்போதும் கன்னி என்பது திருஅவையின் நம்பிக்கை. 383 வாக்கில் எல்விதியுஸ் என்பவரை மறுத்து ஜெரோம் இவர்களை உறவுமுறைச் சகோதரர் என்றார். கீழைத் திருஅவைகளின் மரபு யோசேப்பின் முதல் மணத்துப் பிள்ளைகள் என்றது. மாற்கு 15:40ஐப் பக்க ஓரத்தில் சுட்டும் குறிப்பு பெரிய உதவி செய்கிறது: சிலுவையைத் தொலைவிலிருந்து பார்த்து நிற்கும் பெண்களில் சின்ன யாக்கோபு, யோசே ஆகியோரின் தாயான மரியா ஒருவர் இருக்கிறார். அதே இரண்டு பெயர்கள்! அவர்களே இவர்களா என்பதை அந்த வசனம் மட்டும் முடிவு செய்யவில்லை. பெரியப்பா மகனையும் அண்ணன் என்றே அழைத்துப் பழகிய தமிழ் வாசகருக்கு ஜெரோம் சொல்வது இயல்பாகவே படும். ஆனால் நம் வீட்டு வழக்கம் கிரேக்க நூலுக்குச் சான்றாகாது. கத்தோலிக்கக் குருவும் ஆய்வாளருமான ஜான் மையர் 1991இல், வரலாற்றுச் சான்றுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் உடன்பிறந்தார் என்பதே அதிக வாய்ப்புள்ளது என்று எழுதினார். அமெரிக்க ஆயர்களின் பதிப்பு உறவுமுறை விளக்கத்தைத் தந்துவிட்டு, மரியாவின் கன்னிமை பற்றிய திருஅவையின் நம்பிக்கை இல்லையென்றால் இந்தக் கேள்வியே எழுந்திராது என்றும் ஒப்புக்கொள்கிறது. எது வசனத்திலிருந்து வருகிறது, எது மரபிலிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டும் இந்த நேர்மைக்கு ஈடான குறிப்பு அரிது.

கத்தோலிக்கருக்கு இன்னொரு வகைக் குறிப்பும் உண்டு. அது பக்கத்தடியில் அச்சாவதில்லை. 1969இல் வந்த மூன்றாண்டு வாசக ஒழுங்கில் இரண்டாம் ஆண்டு மாற்குவுக்குரியது. நற்செய்தி குட்டையாக இருப்பதால் நடுவில் ஐந்து ஞாயிறுகளுக்கு யோவானின் ஆறாம் அதிகாரத்தைக் கடன் வாங்குகிறார்கள். எந்த வாசகத்தை எதோடு சேர்ப்பது, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாமே விளக்கம்தான். பாஸ்கா திருவிழிப்பில் மாற்குவின் கல்லறைக் காட்சி 16:7உடன் நின்றுவிடுகிறது. பெண்கள் அஞ்சி ஊமையாகும் எட்டாம் வசனத்தைச் சபை கேட்பதில்லை.

பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு இதற்கு இன்னும் தெளிவான சான்று. அன்று கைம்பெண்ணின் காணிக்கை. முதல் வாசகம், சாரிபாத்துக் கைம்பெண் கடைசிக் கைப்பிடி மாவில் எலியாவுக்கு அப்பம் சுட்டுத் தந்த கதை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தாராள மனம், நம்பிக்கை, கடவுளின் பராமரிப்பு என்றே மறையுரை ஓடும். காணிக்கைத் தட்டு வருமுன் சொல்வதற்கு இதைவிட வசதியான பகுதி கிடைக்குமா? பீடு இன்னும் உள்ளே போனார்: கைம்பெண் திருஅவை, இரண்டு காசுகள் இறையன்பும் பிறரன்பும்.

மாற்குவின் பக்கத்தில் இந்தக் கதைக்கு நேர் முன்னால் இருப்பது வேறு. மறைநூல் அறிஞர் நீண்ட அங்கியில் உலவுகிறார்கள், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறார்கள் என்று இயேசு கண்டிக்கிறார். நேர் பின்னால், இந்தக் கோவிலில் கல்லின்மேல் கல் நிற்காது என்கிறார். கைம்பெண்ணின் வீட்டை விழுங்கும் அமைப்புக்கும் இடிந்துபோகப் போகும் கோவிலுக்கும் நடுவே ஒரு கைம்பெண் தன் பிழைப்புக்கான முழுவதையும் அந்தக் கோவில் பெட்டியில் போடுகிறாள். இயேசு அவளைப் புகழ்கிறாரா, அவளுக்காக நெஞ்சு பொறுக்காமல் பேசுகிறாரா? 1982இல் அமெரிக்கக் கத்தோலிக்க விவிலியக் காலாண்டிதழில் அடிசன் ரைட் என்ற குரு இந்தக் கேள்வியை எழுப்பி, புலம்பலே என்று வாதிட்டார். அவளைப்போலச் செய்யுங்கள் என்று இயேசு அங்கே யாரிடமும் சொல்லவில்லை என்பது அவர் எடுத்துக்காட்டிய நுட்பம். எல்லாரும் ஏற்கவில்லை, செல்வர் மிச்சத்தைப் போட, அவள் உள்ளதைப் போட்டாள் என்ற ஒப்பீட்டில் பாராட்டு தெளிவாகக் கேட்கிறதே என்பது மறுதரப்பு. இதன் பொருளைத் திருஅவை வரையறுத்ததில்லை. இரண்டு வாசிப்பும் கத்தோலிக்க வாசிப்புகளே. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகரும் குறிப்புதான் குறையுடையது.

வாசக நூல் இந்த ஞாயிறுக்கு இரண்டு வடிவங்களைத் தருகிறது. நீண்டது 12:38 முதல் 44 வரை. குறுகியது 41 முதல் 44 வரை. குறுகிய வடிவில் மறைநூல் அறிஞருக்கு விழுந்த கண்டனம் இல்லை. விழுங்கப்பட்ட வீடுகள் இல்லை. கைம்பெண்ணும் காசும் மட்டும். நேரம் மிச்சமாவது மூன்று வசனம். அந்த மூன்று வசனம் இல்லாதபோது ரைட் எழுப்பிய கேள்வி எழவே வழியில்லை.

ஞாயிறு திருப்பலியில் இந்த வாசகம் அடுத்து வருவது 2027 நவம்பர் 7. அன்று எந்த வடிவம் என்பதை முடிவு செய்வது அந்தந்தப் பங்கின் அருள்பணியாளர். பீடத்திலிருந்து குறுகியதே ஒலித்தாலும், மடியில் குறிப்புரையோடு அமர்ந்திருப்பவர் மூன்று வசனம் மேலே போய் வாசித்துக்கொள்ளத் தடை எதுவும் இல்லை.